வீட்டு ஷெட்ல சைக்கிள் ஃப்ரேம் செய்யலாமா? பித்தளை வெல்டிங் தெரிஞ்சவங்க சொல்லுங்க

தக்கலை நெட்டையன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுகேன், பொறுத்துக்கிடுங்க.

நமக்கு உயரம் ஆறடி ரெண்டு இஞ்சு, அதுலயும் காலு தனியா நீளம். நாகர்கோவில்லயும் சரி திருவனந்தபுரத்துலயும் சரி கடையில நிக்குதது எல்லாம் மீடியம், மிஞ்சிப்போனா லார்ஜ். நாலு வருசத்துக்கு முன்ன ஒரு லார்ஜ் அலுமினிய சைக்கிள் எடுத்து, சீட் போஸ்ட்ட தூக்கி தூக்கி கடைசியில "இதுக்கு மேல தூக்காதே"ன்னு ஒரு கோடு போட்டிருப்பான்லா, அந்தக் கோடு வெளிய தெரியுத அளவுக்கு வச்சு ஓட்டிட்டு இருந்தேன். 200, 300 கிலோமீட்டர் பிரெவே (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நீண்ட தூர ரைடு) ரெண்டும் அதுலதான் முடிச்சேன். போன மாசம் 400-க்கு எறங்கினேன். திருநெல்வேலி பக்கம் போயிட்டு திரும்பி வரும்போ ராத்திரி ஒரு மணி இருக்கும், முப்பந்தல்ல காத்தாடி மேல உள்ள சிவப்பு லைட்டு எல்லாம் ஒண்ணா மினுங்குது, எதிர்காத்து மூஞ்சில அறையுது, அப்ப சீட்டுக்கு கீழ இருந்து கிரிக் கிரிக்னு ஒரு சத்தம். செருப்பு கிளீட்டா இருக்கும்னு நெனச்சேன். ஆரல்வாய்மொழில ஒரு சாயாக்கடை வாசல்ல நிறுத்தி டார்ச் அடிச்சு பாத்தா, சீட் போஸ்ட்ட இறுக்கிப் பிடிக்குத கிளாம்புக்கு கீழ தலமுடி மாதிரி ஒரு கீறல். விரல் வச்சு தடவினா நகம் மாட்டுது. 400-க்கு உள்ள 27 மணி நேரத்துல இன்னும் நெறைய பாக்கி இருந்தும் அங்கனயே ரைட முடிச்சுட்டு தம்பிய பைக்க எடுத்துட்டு வரச்சொன்னேன்.

வாரண்டி கேட்டேன், கோட்டத் தாண்டி தூக்கினதுக்கு தரமாட்டோம்னு சொல்லிட்டாவ. அதுல அவங்கள சொல்லி குத்தமில்ல, தப்பு நம்மதாக்கும்.

இப்ப காரியம் என்னன்னா, வீட்டுக்குப் பின்னால அப்பாவோட பழைய ரப்பர் ஷீட் அடிக்குத ஷெட்டு சும்மா கெடக்கு. வைஸ் இருக்கு, கிரைண்டர் இருக்கு. சித்தி மகன் ஏசி மெக்கானிக், அவன்கிட்ட ஆக்சிஜன் சிலிண்டரும் எல்பிஜி டார்ச்சும் இருக்கு, "என் கையில உள்ள ராடே போதும், ஒரு ஞாயித்துக்கிழம வா ஒட்டித் தாறேன்"ங்கான். நம்ம அளவுக்கு ஒரு ஸ்டீல் ஃப்ரேம் நாமளே செஞ்சா என்னன்னு மண்டைக்குள்ள புழு நெளியுது. என்ன பைப்பு வாங்கணும், பித்தளையா டிக்கா (கரண்ட் வச்சு பைப்பையே உருக்கி ஒட்டுத வெல்டிங்), பைப்ப அசையாம பிடிக்குத ஜிக் இல்லாம முடியுமா, முன்சக்கரத்த பிடிக்குத ஃபோர்க்கும் சேத்து செய்யலாமா? அடுத்த சீசன்ல 600 ஓட்டணும்னு ஆசை. தெரிஞ்சவங்க சொல்லுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க.

ஆரல்காத்து:

திட்டத்தான் போறேன் 😄 600-க்கு 40 மணி நேரம். ராத்திரி மூணு மணிக்கு கயத்தாறு தாண்டி ஆளில்லாத ரோட்டுல தூக்கக் கலக்கத்துல போயிட்டு இருக்கும்போ "நம்ம ஒட்டின மூட்டு பிடிச்சிருக்குமா"ன்னு ஒரு நெனப்பு வந்தா பெடல் மிதிக்க காலு வருமா? செகண்ட்ஹேண்ட்ல பெரிய சைஸ் ஸ்டீல் ஃப்ரேம் தேடுங்க, பெங்களூர் பக்கம் கெடைக்கும். ஆறு மாசம் ஷெட்டுல அரம் தேய்க்குத நேரத்துல ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம் மக்கா.

கோட்டாறு லேத்து:

தம்பி, ஆரல்காத்து சொன்னது பாதி நியாயம். ஆனா ஆசைப்பட்டவன செய்யாதேன்னு சொல்லுதது எனக்கு வராது. முப்பது வருசம் லேத்தும் கேஸும் பிடிச்ச கை, எனக்குத் தெரிஞ்சத சொல்லுகேன். சைக்கிள் ஃப்ரேம் நான் மொத்தம் ரெண்டுதான் செஞ்சிருக்கேன், அதுல ஒண்ணு கோணல். அத மனசுல வச்சுக்கிட்டு படி.

மொதல் காரியம், உன் சித்தி மகன் கையில உள்ள ராடு. ஏசிக்காரங்க செம்புக் குழாய் ஒட்டுதது பெரும்பாலும் பாஸ்பரஸ் கலந்த செம்பு ராடாக்கும். செம்புக்கும் செம்புக்கும் அது தங்கம். இரும்புல அத தொடவே கூடாது. பாக்க அழகா ஓடி ஒட்டிக்கிடும், ஆனா இரும்பும் பாஸ்பரசும் சேந்து மூட்டுக்குள்ள பிஸ்கட் மாதிரி பொடிஞ்சு போற ஒரு படலம் உண்டாகும். நீ ஒரு குழியில எறங்கினாப் போதும், முடிஞ்சுது. அந்தப் பயலோட டார்ச்ச மட்டும் கடன் வாங்கு, ராட வாங்காதே. இரும்புக்கு பித்தளை ராடு, இல்லன்னா பாஸ்பரஸ் இல்லாத வெள்ளி ராடு. வெள்ளி ராடு வாங்கும்போ கேட்மியம் இல்லாததான்னு கேட்டு வாங்கு, அந்தப் புகை நெஞ்சுக்கு விஷம்.

பித்தளையில ஒட்டினா பலம் இருக்குமான்னு நெனைப்ப. வீட்டுல தாத்தா ஓட்டின கறுப்பு ரோட்ஸ்டர் இருக்கா பாரு. மூட்டுக்கு மூட்டு ஒரு உறை போட்ட மாதிரி இருக்கும், அதுக்குப் பேரு லக். அது பித்தளையில ஒட்டினதாக்கும். ரெண்டு மூட்டை நெல்லும் பின்னால ஒரு ஆளும் ஏத்திட்டு நாப்பது வருசம் ஓடியிருக்கும். சூட்சுமம் என்னன்னா இதுல பைப்பு உருகாது. இரும்பு உருக 1500 டிகிரி கிட்ட வேணும், பித்தளை 900 டிகிரிக்குள்ளயே தண்ணியா ஓடிடும், வெள்ளி ராடு 650 பக்கத்துல. பைப்பு கெடாம மூட்டு மட்டும் பிடிச்சுக்கிடும்.

ஆனா பித்தளை ஓட்டைய அடைக்காது தம்பி, அது இடுக்குல ஏறும். அதனால மூட்டோட பலம் டார்ச்சுல இல்ல, அரத்துல இருக்கு. ஒரு பைப்போட முனைய மீன் வாய் மாதிரி வளைவா அராவி இன்னொரு பைப்பு மேல உக்கார வைக்கணும். பேப்பர்ல அளவு வரஞ்சு பைப்புல சுத்தி கோடு கிழிச்சு, அரைவட்ட அரம் வச்சு பைய பைய தேய்க்கணும். உக்கார வச்சு பின்னால டார்ச் அடிச்சுப் பாரு, வெளிச்சம் கசியக்கூடாது. லக் போட்டு வெள்ளியில ஒட்டுதா இருந்தா இடைவெளி 0.1 மிமீ பக்கத்துல நிக்கணும். நான் செஞ்ச கோணல் ஃப்ரேமுல இந்த வேலைக்குத்தான் சோம்பல் பட்டேன்.

பைப்பு: கொல்லைக்கு வேலி போடுத ஜிஐ பைப்ப எடுத்துடாதே. அந்த துத்தநாகம் சூடாகி வெள்ளைப் புகையா வந்து ராத்திரி குளிர் காய்ச்சல் வந்து நடுங்குவ, பட்டறைக்காரங்க எல்லாம் ஒரு தடவையாவது பட்டிருப்பாங்க. 4130-ன்னு ஒரு ஸ்டீல், குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது, அதத் தேடு. ஒண்ணு புரிஞ்சுக்க, சாதா இரும்பும் 4130-யும் விறைப்புல ஒண்ணுதான், வளையாம தாங்குத பலத்துலதான் வித்தியாசம். பலம் கூடுதலா இருக்கதனால பைப்ப மெலிசாக்கலாம், எடை குறையும், அவ்வளவுதான். சைக்கிளுக்குன்னே வர்ற பைப்புல ரெண்டு முனையும் தடிமனா நடுவுல மெலிசா இருக்கும், 0.8, 0.5, 0.8 மிமீன்னு. ரெனால்ட்ஸ்னு இங்கிலாந்து பைப்பு கம்பெனிக்காரங்க 1897-லயே அதுக்கு பேட்டண்ட் எடுத்தாச்சு. மூட்டு சூடாகுத இடத்துல தடிமன் வேணும்லா, அதுக்காக்கும். ஆனா முதல் ஃப்ரேமுக்கு நீ முழுநீளமும் ஒரே தடிமனா 0.9 மிமீ எடு. அரை கிலோ கூடட்டும், சூடு கொஞ்சம் தப்பினாலும் மன்னிக்கும்.

ஜிக் வேண்டாம். கிரானைட் கடையில கிச்சன் மேடைக்கு அறுத்த மிச்சத் துண்டு சும்மாவே தருவாங்க, அதுதான் உன் தரை. கோணல் பாக்க நூல் போதும்: பின்சக்கர அச்சு மாட்டுத பிளவுக்கு ட்ராப்அவுட்னு பேரு, நூல அதுல ஒரு பக்கத்துல கட்டி, முன்னால ஹேண்டில் எறங்குத ஹெட் டியூப சுத்திக் கொண்டுவந்து மறுபக்க ட்ராப்அவுட்டுல கட்டு. நூலுக்கும் சீட் போஸ்ட் எறங்குத சீட் டியூபுக்கும் உள்ள தூரம் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா ஃப்ரேம் நேரு. எங்க சூடு காட்டுதியோ அந்தப் பக்கம் இழுக்கும், அதனால எல்லா மூட்டும் முதல்ல அங்கங்க கொஞ்சமா ஒட்டி பொட்டு வச்சு நூல் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் முழுசா ஒட்டணும்.

ரெண்டு பக்கமும் அடைபட்ட பைப்புல காத்துப்போக ஓட்டை போடாம டார்ச் காட்டாதே, உள்ள உள்ள காத்து விரிஞ்சு உருகின பித்தளைய உன் மேலயே துப்பும். பெடல் அச்சு உக்காருத உருளை, அதுக்குப் பேரு பாட்டம் பிராக்கெட் ஷெல், அகலம் 68 மிமீ, சூட்டுல மரை கொஞ்சம் கோணும், பெறவு மரை வெட்டுத டேப் போட்டு சுத்தம் பண்ணணும். வலது பக்கம் இடது மரையாக்கும், மறந்துடாதே. அந்த டேப் எங்கிட்ட கெடையாது, எல்லா கடையிலயும் இருக்காது, அது உள்ள கடைய முதல்லயே பாத்து வச்சுக்க.

ஃபோர்க் செய்யாதே. ஃப்ரேம் விட்டா அனேகமா கிரிக் கிரிக்னு சொல்லிட்டு விடும், உன்னது சொன்ன மாதிரி. ஃபோர்க் சொல்லாது.

குளச்சல் அக்கா:

லேத்து அண்ணன் சொன்ன ஃபோர்க் விசயத்த ரெண்டு தடவ படிங்க தம்பி.

நான் ஒட்டுத வேலை தெரியாதவ, ஆனா எனக்காக ஒரு ஸ்டீல் ஃப்ரேம் அளவெடுத்து செய்ய வச்சு மூணு வருசமா ஓட்டுகேன், உங்களுக்கு நேர் எதிர், நான் அஞ்சடி ஒண்ணு. கடையில வாங்குன சின்ன சைக்கிள்ல ஹேண்டில் திருப்பினா முன் டயர் கால்விரல்ல இடிக்கும், முட்டத்துல ஏத்தம் பைய ஏறும்போ அப்படி இடிச்சு ஒரு தடவ சாஞ்சே போனேன்.

டார்ச்ச எடுக்கதுக்கு முன்ன பென்சில எடுங்க. காலு உள்பக்கம் தரையில இருந்து அளந்தா எவ்வளவு? 92 செமீன்னு வச்சுக்கிட்டா அத 0.883-ஆல பெருக்குங்க, 81 செமீ சொச்சம் வரும், பாட்டம் பிராக்கெட்ல இருந்து சீட்டு மேல் வர உத்தேசமா அதுதான். அது வெறும் தொடக்கம். இப்ப உள்ள சைக்கிள்ல எந்த எடத்துல எத்தன மணி நேரம் கழிச்சு வலிக்குதுன்னு எழுதி வைங்க. 100 கிமீ-ல வராத வலி 250-ல வரும், பிரெவேக்கு ஃப்ரேம் செய்யுததுன்னா அந்த 250-க்கு மேல உள்ள உடம்புக்குத்தான் செய்யணும். ஹேண்டில் சீட்டு உயரத்துக்கே வந்தாலும் வெக்கப்படாதீங்க. பெறவு ஒரு ஹார்ட்போர்டுல 1:1 அளவுல முழு சைக்கிளையும் வரைங்க, சுவத்துல சாய்ச்சு வச்சு ஒரு வாரம் பாருங்க. தப்பு கண்ணுக்குத் தெரியும்.

முன்பக்கம் பத்தி ஒரு கணக்கு, எனக்கு செஞ்சு தந்தவரு சொல்லித் தந்தது. 32 மிமீ டயர் போட்ட சக்கரத்தோட ஆரம் 343 மிமீ கிட்ட. ஹெட் ஆங்கிள் (ஹெட் டியூப் தரையோட சாயுத கோணம்) 72 டிகிரி, ஃபோர்க் ரேக் (ஹேண்டில் திரும்புத கோட்டுல இருந்து சக்கர அச்சு முன்னால தள்ளி நிக்குத தூரம்) 45 மிமீன்னா ட்ரெயில் (அந்தக் கோடு தரையத் தொடுத இடத்துக்கு பின்னால டயர் தரையத் தொடுத தூரம்) 64 மிமீ வரும். அதே ஆங்கிள்ல ரேக் 55 வச்சா 54-க்கு எறங்கிடும். ஹேண்டில்ல கனமா பை தொங்கப் போடுத ஆளுன்னா குறைஞ்ச ட்ரெயில் கைக்கு இதமா இருக்கு, பை இல்லாம ஓட்டுதவங்களுக்கு 60 பக்கம் சுகம். ரெடிமேட் ஃபோர்க்ல ரேக் எவ்வளவுன்னு எழுதியிருப்பான், அத வாங்கி கையில வச்சுக்கிட்டுத்தான் ஃப்ரேம வரையணும், மாத்தி செஞ்சா மாட்டிக்கிடுவீங்க.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு காரியம். ஒண்ணு, நமக்கு தென்மேற்கும் மழை, வடகிழக்கும் மழை. மட்கார்டு மாட்ட ஓட்டை வச்ச ட்ராப்அவுட், 35 டயரும் மட்கார்டும் சேந்து போற இடம், பெடல் அச்சுல இருந்து பின்சக்கரத்துக்குப் போற செயின்ஸ்டே 440 மிமீ-க்கு கொறையாம. களியக்காவிளை ரோட்டுல உள்ள குழிய நெனச்சா 35-ம் பத்தாது 😂. ரெண்டு, உப்புக்காத்து. எங்க வீட்டுல இருந்து கடலு கூப்பிடு தூரம், ஸ்டீல் வெளிய இருந்து மட்டும் துருப்பிடிக்காது, சீட் போஸ்ட் வழியா மழைவெள்ளம் எறங்கி பாட்டம் பிராக்கெட்ல தேங்கி உள்ள இருந்து திங்கும். ஷெல்லுக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை போட்டுருங்க, பெயிண்ட் அடிச்ச பெறவு பைப்புக்குள்ள ஆளிவிதை எண்ணெய் ஊத்தி எல்லா பக்கமும் சாய்ச்சு வடிய விடுங்க, காஞ்சு தோலு மாதிரி பிடிச்சுக்கிடும்.

அருமனைக்காரன்:

ஊரு அருமனை, இப்ப கோயம்புத்தூர்ல ஃபேப்ரிகேஷன் வேலை. எல்லாரும் பித்தளைன்னே பேசுறீங்க, டிக் வெல்டிங்க ஏன் ஒதுக்குறீங்க? இப்ப வர்ற ஸ்டீல் ஃப்ரேம் முக்கால்வாசி டிக் தான். லக் தேட வேண்டாம், ஆங்கிள் எதுவும் வச்சுக்கலாம், ப்ளக்ஸ் (பித்தளை ஒட்டுறதுக்கு முன்ன மூட்டுல பூசுற மருந்து) கழுவுற வேலை இல்ல. 4130-க்கு ஈஆர்70எஸ்-2 ஃபில்லர் ராடு போட்டா சுகமா நிக்கும்.

கோட்டாறு லேத்து:

நீ சொல்லுதது சரிதான், உனக்கு. தெனமும் டார்ச் பிடிக்குத கை. 0.8 பைப்புல டிக் வச்சு ஒரு நொடி அசந்தா ஓட்டை. இந்தத் தம்பி இதுவரைக்கும் எதையும் ஒட்டினதில்ல. மிஷினும் ஆர்கான் கேஸும் வாங்குத காசுக்கு ஃப்ரேமே வாங்கிடலாம். இன்னொண்ணும் இருக்கு, பித்தளை பட்ட மூட்டுக்கு மேல பெறவு டிக் ஓட்ட முடியாது, அதனால எது பண்ணாலும் முதல்லயே முடிவு பண்ணிக்கணும்.

தம்பி, நீ ஃப்ரேம் பைப்பு இப்ப வாங்காதே. பழைய இரும்பு விக்குத ஆக்கர் கடையில போயி ஒரு செத்த ரோட்ஸ்டர் ஃப்ரேம் எடைக்கு வாங்கு. பெயிண்ட சொரண்டி பைப்ப துண்டு துண்டா அறுத்து, அராவி, ஒட்டிப் பழகு. ஒட்டின மூட்ட அழகு பாக்காதே, நடுவுல ஹாக்ஸா வச்சு பொளந்து உள்ள பாரு. பத்து மூட்டு பொளந்துட்டு வந்து பேசு.

தக்கலை நெட்டையன்:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு வாறேன், காரணம் இருக்கு.

காலு அளந்தேன், 92-ன்னு சும்மா சொன்னீங்களே அக்கா, 92.5! நம்ம பழைய சைக்கிள்ல சீட்டு 79-லதான் இருந்திருக்கு, கோட்டத் தாண்டியும் அவ்வளவுதான் வந்துது. ஹார்ட்போர்டுல வரஞ்சு ஷெட்டு சுவத்துல சாய்ச்சிருக்கேன், அம்மா அத பாத்துட்டு "இது யாருக்குடா, ஒட்டகத்துக்கா"ன்னு கேட்டா.

பெறவு வெள்ளமடம் பக்கம் ஒரு ஆக்கர் கடையில ரோட்ஸ்டர் ஃப்ரேம் ஒண்ணு கெடச்சிது. அறுக்கதுக்கு முன்ன அதோட லக்க ஒண்ண நடுவுல பொளந்து பாத்தேன். உள்ள, பைப்புக்கும் உறைக்கும் நடுவுல மஞ்சளா நூலு மாதிரி ஒரு கோடு, ஒரு எடத்துலயும் விடல. எந்த பட்டறையில எந்த வருசம் யாரு ஒட்டினாவளோ.

அப்புறம் நம்ம கைவேலை. மொத மூணு மூட்டு குப்பை. காத்து அடிச்சு டார்ச் அணைஞ்சு அணைஞ்சு போச்சு, ஷெட்டு பாதி தெறந்ததாக்கும், தார்ப்பா கட்டின பெறவுதான் நின்னுது. நாலாவது மூட்டு மேல பாக்க அருமையா வந்துது, மோதிரம் மாதிரி வழவழன்னு. சித்தி மகன் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சான். பொளந்து பாத்தா, ஒரு பக்கம் மஞ்சக்கோடு இருக்கு, மறுபக்கம் பெருவிரல் நகம் அளவுக்கு கருகின ப்ளக்ஸ், அதுக்குள்ள பித்தளையே போகல. மேல மட்டும் தொப்பி மாதிரி உக்காந்திருக்கு. என்ன தப்புன்னு பாத்தா, ராட உருக்கி மேல ஊத்தியிருக்கேன். பைப்பு சூடாகி அது இழுக்கணும்னு தெரியல. ஏழாவதுல ராட ஒளிச்சு வச்சிட்டு முதல்ல பைப்ப மட்டும் காச்சினேன். ப்ளக்ஸ் முதல்ல பொங்கி வெள்ளையாச்சு, பெறவு அடங்கி கண்ணாடி மாதிரி தெளிஞ்சு ஓடிச்சு, அதுக்கும் மேல பைப்பு ஆரஞ்சு நிறத்துக்கு வந்த பெறவு ராட தொட்டேன், ஒரு பக்கம் தொட்டா மறுபக்கம் போயி எட்டிப் பாக்குது. அத பாத்ததும் கத்திட்டேன், அப்பா ஓடி வந்துட்டாவ கை சுட்டுட்டுன்னு நெனச்சு.

ஏழாவத பொளந்தேன். கோடு முழுசு.

ஃபோர்க் ரெடிமேட்தான், ரேக் 50 உள்ளது ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். 600-க்கு ஆரல்காத்து அண்ணன் சொன்ன மாதிரி செகண்ட்ஹேண்ட் ஃப்ரேமும் ஒரு பக்கம் தேடிட்டுத்தான் இருக்கேன், இது அதுக்குள்ள முடியாது. லேத்து அண்ணே, ஒரு சந்தேகம் மட்டும்: சீட் டியூப் மேல கிளாம்புக்கு வெட்டுத அந்தப் பிளவு இருக்குல்லா, நம்ம பழைய கீறல் தொடங்கினது அந்தப் பிளவோட முனையில இருந்துதான். அத எப்படி வெட்டணும்?

கோட்டாறு லேத்து:

முனையில முதல்ல ஒரு வட்ட ஓட்டை போட்டுட்டு, அதுவரைக்கும் மேல இருந்து அறு. கூர்முனை இருந்தா கீறல் அங்கதான் பிறக்கும், வட்டத்துல அதுக்கு எடமில்ல. ஓட்டையோட ஓரத்த எமரி வச்சு வழவழப்பாக்கிடு. சீட் டியூப் 28.6 மிமீ பைப்பு, தடிமன் 0.9-ன்னா உள்விட்டம் 26.8 தான், போஸ்ட அதுக்கு ஏத்த மாதிரி பாத்து, இந்தத் தடவ நீளமா வாங்கு.

ஏழாவது மூட்டோட துண்ட வீசிடாதே. கோட்டாறு பக்கம் வந்தா கொண்டு வா, பாக்கணும்.